அரைக்கால்

விமானக்காரர்கள் இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள்.
உயரமானிக்கு மூன்றே அரைக்கால்.
கடிகாரத்துக்கு இரண்டேகால்.
தகட்டின் கனம் ஒரு வீசம்.
தமிழ்ப்பள்ளியில் யாரும் கற்றுத்தராத பின்னங்கள்,
பழைய வாய்ப்பாடு ஒன்றின் பின்னட்டையில் பொறுக்கியவை.
சான் சாவ் லின்னில், வெல்டிங் கடைக்கும்
டயர் கடைக்கும் நடுவே எங்கள் பட்டறையில்
அவை மட்டும் பிசகாமல் வேலை செய்கின்றன.
ஏர்கோன் செய்வதில்லை.

செவ்வாய்க்கிழமை சுபாங்கிலிருந்து வந்தது
நான்கு இருக்கை விமானம் ஒன்றின் முகப்புத் தகடு.
முகம் மட்டும்.
போர்வையில் சுற்றி, லோரியின் முன்சீட்டில்
பெல்ட் போட்டு உட்காரவைத்து.
பல் டாக்டர் ஞானப்பிரகாசத்தின் விமானம்.
புதிய கருவிகள் வருகின்றன, புதிய துளைகள் வேண்டும்.
"பழையது மாதிரியே, ஆனால் புதிதாக" என்றார்,
வாயில் பஞ்சு வைத்தவரிடம் பேசும் பொறுமையோடு.

சாயம் உரித்தேன்.
கறுப்பு, சாம்பல், அதற்கடியில்
யாருக்கோ ஒரு காலத்தில் பிடித்திருந்த பச்சை.
பச்சைக்கும் அடியில்
வரைபடத்தில் இல்லாத ஒரு துளை.
அரைக்கால் அங்குலம்.
பசை அடைத்து, தேய்த்து, மறைத்தது.

என்ன தொங்கியிருக்கும் அங்கே?
அந்தோணியார் பதக்கமா,
கைக்குழந்தையின் படமா,
லங்காவி வரை ஆடிக்கொண்டே போன ஏதாவது மணியா?
டாக்டருக்குத் தெரியவில்லை.
அவருக்கு விற்றவர் ஈப்போவில்; அவருக்கும் தெரியவில்லை.
அவருக்கு விற்றவர் பெர்த்தில்.
அந்த எண் செத்துவிட்டது.

இரண்டு நாள் அந்தத் துளையோடுதான் சாப்பிட்டேன்.

வியாழன் மாலை, மழை எங்கள் கூரைத் தகரத்துக்கு
ரிவெட் அடித்துக்கொண்டிருந்த நேரம்,
தகட்டைப் புரட்டிப் போட்டேன்.
சரியான துளை பக்கத்திலேயே இருந்தது,
நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம், அதே தூரத்தில்.
பின்பக்கம் பார்த்து அளந்து
முன்பக்கம் துளைத்திருக்கிறது அந்தக் கை.
இடத்தை வலமென்று.
அவ்வளவுதான்.
பதக்கமும் இல்லை, மணியும் இல்லை.

சிரித்தேன். பிறகு வயிற்றில் ஏதோ குளிர்ந்தது.
போன மாதம் நானும் இப்படி ஒன்று செய்தேன்.
என் தகடு குப்பைக்குப் போனது.
நானூற்று எண்பது ரிங்கிட்,
என் சம்பளத்தில் மூன்று தவணை.
அந்தக் கை பசை அடைத்தது.
அதன் தகடு முப்பது வருடம் பறந்தது.
யார் செய்தது சரி என்று
முத்திரை குத்தும் என்சிக் ரோஸ்லியிடம் கேட்கலாம்.
பதில் தெரியும் என்பதால் கேட்கவில்லை.

புதிய தகட்டில் ஊசியால் கோடு கிழிக்கக் கூடாது.
கீறலைப் பிடித்துக்கொண்டுதான்
விரிசல் நடக்கப் பழகும்.
மைப்பேனா மட்டும்.
முன்பக்கத்தில் "முன்" என்று எழுதினேன், பெரிதாக,
பாலர் பள்ளிப் பலகையில் எழுதுகிற மாதிரி.
பின்பக்கத்தில் "பின்".
அப்புறம்தான் நடுக்கோடு.
ஒவ்வொரு துளைக்கும் பிசிறு எடுத்து
விரல் விட்டுச் சுற்றிப் பார்த்தேன்,
மோதிரக் கடையில் நிற்பவள் மாதிரி.
ரோஸ்லி இரண்டு தடவை அளந்தார். ஒன்றும் சொல்லவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

பழையதை வெட்டிப் போடவேண்டும்,
யாரும் எடுத்து மறுபடி பூட்டிவிடாதபடி.
"எங்கே வெட்ட?" என்றான் ஆ ஹெங்.
அந்தத் துளையின் ஊடாக, என்று காட்டினேன்.
கத்தரி அங்கே வந்தபோது
ஒரு கணம் எதையும் வெட்டவில்லை.
சும்மா மூடியது.

பழைய சாமான் எடுக்கும் சுல்கர்னைன்
இரண்டு துண்டையும் தராசில் வைத்தான்.
0.875 என்று காட்டியது.
"ஒரு கிலோவுக்கு அரைக்கால் குறைவு" என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
ஐந்து ரிங்கிட் நீட்டினான்,
மீதி இருந்தால் கொடுங்கள் அக்கா என்று.