ஆரும் இங்கில்லீங்

பல்லடம் ரோட்டுப் பனியன் கம்பெனி.
மூன்றாம் மாடியில் ஏ.சி. ஓயாத அறை,
நானும் மெயில் சர்வரும்.

ஐப்பசியில் ஓர் ஆர்டர் கைநழுவியது.
டென்மார்க்காரி எங்கள் செங்கோடன் பெயரில்
ஓர் எழுத்தை விட்டுவிட்டாள்.
"எந்தப் பேருக்கு வந்தாலும் வாங்கி வை"
என்றார் முதலாளி.
வாங்கினேன்.

ஒன்பது நாளில் நாற்பதாயிரம்.
லாட்டரி, மாத்திரை, இல்லாத பேங்கின் எச்சரிக்கை.
செங்கோடனுக்கு ஒன்றுமில்லை.

சரி, இல்லாதவர்க்கு வந்ததைத்
திருப்பி அனுப்பு என்றேன்.
அதுவும் தப்பு.
அனுப்பியவன் முகவரியே திருட்டு முகவரி.
யாரோ ஒரு பல் டாக்டர்,
தான் எழுதவே எழுதாத கடிதங்கள்
திருப்பூரிலிருந்து திரும்பி வருவதாகத்
திட்டி எழுதினார்.
நியாயம்தான்.

இப்போதெல்லாம் கேட்டிலேயே பேச்சு முடிந்துவிடும்.
ஐந்நூற்று ஐம்பது: அப்படி ஒருவர் இல்லை.
நம்மூர் வாட்ச்மேன்கூட இவ்வளவு வெடுக்கென்று சொல்லமாட்டார்.
வாசகத்தை மட்டும் மாற்றி வைத்தேன்:
"அப்பிடி ஆரும் இங்கில்லீங்."
மெஷின்கள்தான் படிக்கும், இருக்கட்டும்.

செக்கிங் செக்‌ஷன் துளசிமணி
ஆடியில் நின்றுவிட்டது.
அதன் முகவரியை அழித்தது நான்தான்.
அதற்குப் பிறகும்
விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு ஒரு கடிதம்,
ஒரே ஆளிடமிருந்து.
இரண்டு கேபி என்கிறது லாக்.
கேட்டைத் தாண்டாததை
நானும் படிக்க முடியாது.

தினமும் இல்லீங், இல்லீங்.

நேற்று வரவில்லை.
லாக்கை இரண்டு தரம் தேடினேன்,
சர்வர் நேரம் சரியா என்றும் பார்த்தேன்.
சரியாகத்தான் இருந்தது.