வளைவு

கஸ்தூரியார் வீதியில், மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, நான்.

யதுஷன் வந்தான்.
திரை சிலந்திவலையாய் வெடித்திருந்தது.
"அக்கா, இதுதான் கடைசி.
இனி இந்தக் கொம்பனியின்ரை ஒண்டும் வாங்கமாட்டன்.
மூலையை வளைச்சது தாங்கள்தானாம்,
மற்றவன் வளைக்கக் கூடாதாம்.
வழக்குப் போட்டிருக்கிறாங்கள்.
புறக்கணிக்கச் சொல்லி
பதினோராயிரம் பேர் கையெழுத்து வைச்சிட்டம்."

எதில் வைத்தாய் என்று கேட்கவில்லை.
அது என் கையில் இருந்தது.

கீழ் விளிம்பில் இரண்டு திருகாணி,
ஐந்து இதழ்த் தலை.
திறக்கும் சாவியை விற்க மனமில்லாதவர்கள்.
கொழும்பு பஸ்ஸில் வந்த
கள்ளச் சாவி எனக்குப் போதும்.

சூடு காட்டினேன். பசை இளகியது.
உள்ளே, வழக்காடும் இருவரும்
ஒரே படுக்கையில்:
இவனுடைய மூளை, அவனுடைய திரை,
நடுவில் விரல் நக அகலத்தில் ஒரு நாடா.

பற்றரி ஊதியிருந்தது.
தொண்ணூற்றிரண்டில்
பாணுக்குள் ஒளித்த ரோர்ச் பற்றரி இரண்டுக்காக
அப்பாவை ஒரு பகல் முழுக்க
வெயிலில் இருத்தி வைத்தார்கள்.
வேண்டாமென்று சொல்ல
அப்போது எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.
இதை அவனுக்குச் சொல்லவில்லை,
அவன் லைக் எண்ண
என் போனைக் கேட்டு வாங்கியிருந்தான்.

"அக்கா," தலை நிமிராமல் கேட்டான்,
"ஒறிஜினல் டிஸ்பிளேதானே போடுறியள்?
கொம்பனிச் சாமான்?"

ஓம் என்றேன்.
மூலை பொருந்தும்வரை
பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன்.
வளைவில் என் ரேகை பதிந்தது.
துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.