ஈரக் கழிவு

அருமனையில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடை என்னுடையது.
மழை விட்ட ஒரு திங்கள்
முழுக்கோட்டிலிருந்து சைக்கிளை உருட்டி வந்த தாசையன்
பதினேழு ஷீட்டை இறக்கி வைத்தார்.
ஈரம் என்று சொல்லி இரண்டு கிலோ கழித்தேன்.
ஈரம் இல்லை.
எனக்குத் தெரியும். அவருக்கும்.
"செரி மக்களே" என்று
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு திருவிருந்து.
முழங்காலிட்டுக் கையை ஏந்தினேன்.
எந்தச் சோப்புக்கும் போகாத ஆசிட் வாடை.
பக்கத்தில்
அதே வாடையோடு இன்னொரு கை,
பெருவிரலில் பால்கத்தி கீறிய தழும்பு.
முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.
ஐயர் இருவருக்கும் ஒரே அளவுதான் வைத்தார்,
கழிவு எதுவும் போடாமல்.

அப்பம் தொண்டையில் நின்றது.

வாசலில் குடை விரித்துக்கொண்டிருந்தவரிடம்
முந்நூற்று அறுபது ரூபாயை நீட்டினேன்.
"எதுக்கு?"
"ஈரம் இல்ல."
அவர் சிரிக்கவில்லை,
ஸ்தோத்திரம் சொல்லவில்லை,
எச்சில் தொட்டு எண்ணிப் பார்த்துத்தான்
மடியில் வைத்தார்.

இன்றைக்கும்
தராசு முள் ஆடி ஆடி நிற்கிறவரை
மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.
வேலைக்கு நிற்கிற பையன் கேட்பான்,
யாருக்கு அண்ணாச்சி இவ்வளவு பயம் என்று.
ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஈரம் இருக்கிறதா பார் என்பேன்.