வலத் தோள்

பதினெட்டு நாள் சட்டை போடவில்லை.
நூல் பட்டாலும் தணல்.
இட விலாவில்,
டிக்கெட் பையின் வார் தேய்த்த அதே தடத்தில்
கொப்புளம் கோத்து நின்றது.

அக்கி என்றாள் விசாலி,
காவி குழைக்கப் போனாள்.
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்:
"சின்னனில கொப்புளிப்பான் வந்ததா?"

வந்தது. தொண்ணூறில்,
பள்ளிக்கூட முகாமில்,
வேப்பிலைக்கும் வெளியே போக முடியாத கிழமையில்,
சோக் தூள் ஒட்டிய தரையில்.
போய்விட்டதென்று தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள்.
போகவில்லையாம்.
டிக்கெட் எடுக்காமல்
நரம்பின் கடைசிச் சீற்றில்
முப்பத்தைந்து வருசம் தூங்கியே வந்திருக்கிறது.

சிரித்தேன். அதுவும் நொந்தது.

இன்று முதல் ட்ரிப்.
பையை வலத் தோளில் மாட்டிவிட்டான் டிரைவர் முபீன்.
கை பழகவில்லை,
சில்லறை சிந்துகிறது.
தாளங்குடாவில் ஏறிய ஒருத்தரின் முழங்கை
விலாவில் பட,
மின்னல்.
கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
"மிச்சக் காசு, கொண்டக்டர்?"

எண்ணிக் கொடுத்தேன்.

கல்லடிப் பாலத்தில்
வாவிக்காற்று சட்டைக்குள் புகுந்து
துணியை அடித்தது.
பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
பாலம் முடிந்துவிட்டது.