நோகாத பக்கம்

ஔலுவில் ஜனவரி. பகல் இரண்டரைக்கே
விளக்குப் போட்டாயிற்று.
ஸாய்மி கெல்லோகும்பு, இருபத்தாறு வயது,
ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பர்,
காலையில் தபால் பிரிக்கிற வேலை.
காதில் அடைப்பு, கையில் அழைப்புமணி,
கால் முன்னே போக எந்திரக் குகைக்குள் நுழைகிறாள்.

இருபத்தைந்து நிமிடம் அசையாதே என்கிறேன்,
அசைந்தே பேர் வாங்கியவளிடம்.
ரப்பர் வட்டு சீறி வருகையில்
முழங்கால் இரண்டும் பனியில் விழ
பாதங்கள் வெளியே விரிய
ஓர் ஆட்டத்துக்கு நாற்பது தடவை
(பயிற்சிக்குக் கணக்கில்லை)
தன்னையே பிரித்துக் கதவாக்கிச் சாத்துகிறவள்.

எந்திரம் தட்டுகிறது. நிற்கிறது.
வேறு தாளத்தில் தட்டுகிறது.
என் திரையில் அவள், துண்டு துண்டாக.

உடம்பு இரண்டாய்க் கிளைக்கும் இடம்.
இந்த ஊர்ப் பேச்சிலும் மரத்தின் கவட்டுக்கும்
மனிதக் கவட்டுக்கும் ஒரே சொல்தான்.
பாரம் ஏறினால் முதலில் பிளக்கிற இடம்.

கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்து
நீரை மட்டும் ஒளிரவிடும் படம் இது.
எலும்பின் ஓடு கறுப்பு. தசைநாண் கறுப்பு.
நீர் கோத்திருந்தால் வெள்ளை.

கோத்திருக்கிறது.
இடுப்பின் முன்னெலும்புகள் சந்திக்கும் மூட்டருகே
நகக்கண் அளவு பிறை.
படிவத்தைப் பார்க்கிறேன்: வலி, இடப்பக்கம்.
திரையின் வலம் அவளுக்கு இடம்;
இருபது வருடமாகியும் இன்னொரு தடவை
கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.
பிறை வலப்பக்கம்தான்.
நோகிற பக்கம்
கழுவிக் கவிழ்த்த தட்டுப்போல் இருக்கிறது.

வெளியே வந்தவளைக் கட்டிலில் கிடத்தி
மடக்கிய கையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து
நெருக்கு என்றேன்.
நெருக்கினாள். உதடு இடப்பக்கமாகக் கோணியது.
எடுத்த முந்நூறு படத்தில்
ஒன்றிலும் அந்தக் கோணல் இல்லை.

"தெரிகிறதா?"
தெரிவது வலிக்கவில்லை, வலிப்பது தெரியவில்லை
என்று சொல்ல வாயெடுத்து,
ஓடுகிறவர்கள், உதைக்கிறவர்கள் பலருக்கு
ஒரு நோவும் இல்லாமலே இப்படி வெளுத்திருக்கும்,
படம் சும்மா இருப்பதால் வலி பொய்யாகிவிடாது
என்று நீளமாகச் சொல்லி முடித்தேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஷூ கயிற்றைக் கட்டினாள். அவிழ்த்தாள்.
மறுபடி கட்டினாள்.

"நடிக்கிறேன் என்கிறார் பயிற்சியாளர்.
அந்த வெள்ளையை அச்சடித்துக் கொடுங்கள்.
எந்தப் பக்கமென்று அவருக்குத் தெரியாது."

அச்சுப்பொறி சூடாகக் கொஞ்ச நேரமாகும் என்றேன்.
அது மட்டும் உண்மை.