பதினெட்டாம் மாதம்

பச்சைத் தாளில் படிவம் வந்திருக்கிறது:
'தொழில் வளர்ப்பகத்தில் சேர்ந்தபின் உங்கள் நிறுவனத்தின்
செயல்திறன் எத்தனை விழுக்காடு உயர்ந்தது?'
சின்னக் கட்டம். மூன்று இலக்கம் கொள்ளும்.
பூஜ்யத்தில் தொடங்கியவள் நான்.
விழுக்காடு போட்டால் கால்குலேட்டர் மறுக்கிறது.

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிய கிடங்கு.
எட்டு மேசை. இரண்டு ஏசி, ஒன்று ஓடும்.
நாலாம் மேசையில் நானும் புஷ்பநீலாவும்
உதிர்ந்த செம்பனைப் பழத்தைக்
குனியாமல் பொறுக்க ஓர் உருளை செய்தோம்.
குனியாமல். கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் பேசப் பழக்கினார்கள்,
பிறகு மூன்றில், பிறகு ஒன்றரையில்.
பக்கத்து மேசைக் குகநேசன் நாற்பது நொடியில் முடிப்பான்.
கோலாலம்பூர் போய்ப் பேசி
இரண்டு கண்ணாடிக் கோப்பையோடு வந்தான்.
அவன் ட்ரோனை இன்னும் யாரும் வாங்கவில்லை.
கோப்பையில் பேனா போட்டு வைத்திருக்கிறான்.

எங்களை ஆப் செய்யச் சொன்னார்கள். செய்தோம்.
உருளைக்கு எதற்கு ஆப்?
ஒன்பதாயிரம் வெள்ளி போன பிறகு
இரண்டாம் டிவிஷனில் பழம் பொறுக்கும் ஷொஃபிகுல்
கையால் காற்றில் அளந்து காட்டினான்:
கைப்பிடி இன்னும் நாலு அங்குலம்.

ஆனால்
'வீடு இருபத்துமூன்று, தோட்ட லயம்' என்றதும்
பேனாவை மூடிய வங்கிப் பெண்,
'லோட் பதினொன்று, வளர்ப்பகக் கட்டடம்' என்றதும்
நாற்காலியைக் காட்டினாள்.
இரவு பதினொன்றுக்கும் வெல்டிங் மிஷினுக்குக் கரண்ட் இருந்தது.
மூன்று மாதமாய்ப் பணம் இழுத்த தோட்டத்துக்குப்
புவான் ரொஹாயா ஒரு போன் போட்டார்.
குரல்கூட உயர்த்தவில்லை.
வியாழக்கிழமை காசோலை வந்தது.
அந்தப் போனுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

புஷ்பநீலா வீட்டில்
பல்பும் தெர்மாமீட்டரும் வைத்த முட்டைப் பெட்டி உண்டு.
நாளைக்கு மூன்று தரம் திருப்பி வைப்பாள்.
பதினெட்டாம் நாள் கையை எடுத்துவிடுவாள்.
அதன்பின் மூடி திறந்தால் ஈரம் போய்
சவ்வு குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளுமாம்.
பாவமென்று ஓடு உடைத்துக் கொடுத்த வருஷம்
பாதி தேறவில்லை.
உள்ளே கொத்தும் சத்தம் கேட்கும்,
கேட்டுக்கொண்டு சோறு வடிக்க வேண்டும் என்பாள்.

நாளை மேசையைக் காலி செய்கிறோம்.
ஆ லியோங்கின் இரும்புக் கடைக்குப் பக்கத்தில்
அரைக் கடை, மாதம் அறுநூற்றைம்பது.
முன்பணத்துக்கு அவர் இரும்பைக் கடனாய்த் தந்து
எங்கள் கைக்காசைக் காப்பாற்றினார்.
அவரையும் எந்த அறிக்கையும் கேட்கப்போவதில்லை.

கட்டத்தில் 214 என்று எழுதினேன்.
விழுக்காடு அல்ல, விற்ற உருளை.
அவர்கள் எப்படியும் படித்துக்கொள்ளட்டும்.

கீழே விலாசம் கேட்டிருந்தது.
இன்றிரவு பன்னிரண்டு மணிவரை செல்லுபடியாகும்
லோட் பதினொன்றை
நிறுத்தி, அழகாக எழுதினேன்.