பாசிக்குப் பட்டினி

கத்திரி பிறந்த பதினோராம் நாள்
சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளம்
முழுக்கப் பச்சையானது.
குளம் என்றால் பெரிதாய் ஒன்றுமில்லை.
குளியலறை கட்டி மிஞ்சிய சிமெண்டில்
டில்லிபாபு குழைத்துப் பூசிய தொட்டி,
ஆறடிக்கு நாலடி.
ஒன்பது கப்பி மீன், நாலு நத்தை,
யாரும் அழைக்காமல் வந்த ஒரு தவளை.

"மயில்துத்தம் ஒரு பிடி போடுங்க மேடம்,
விடிஞ்சா கண்ணாடி மாதிரி இருக்கும்"
என்றார் பாகாயம் உரக்கடைக்காரர்.
நத்தைக்கும் விடியுமா என்று கேட்டேன்.
அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை.
சுத்தம் செய்வது என் தொழில் என்கிற திமிரில்
முதல் தப்பை நானே செய்தேன்.
மீனையெல்லாம் பக்கெட்டில் விட்டு
மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினேன்.
நிரப்பும்போது மோட்டார் மக்கர் செய்ய
கொழுந்தன் ஏகாம்பரம் வந்து
அண்ணனோடு குந்திச் சரிசெய்தார்.
புதுத் தண்ணீர், போர் தண்ணீர்,
உப்பும் வெயிலும் போதுமே அதற்கு.
ஆறே நாளில் முன்னிலும் பச்சை.

மெஷினில் படுத்தபடி கேட்டுச் சிரித்தார் ஏழுமலை,
நாளைக்கு எழுநூறு மில்லி மட்டுமே
குடிக்க அனுமதி உள்ளவர்.
"உள்ளாற போறத கொறைங்க சிஸ்டர்.
என்னாண்ட சொல்றீங்களே, அதேதான்."

பாசியைப் பட்டினி போடத் தொடங்கினேன்.
வெங்காய வலைப்பையில் வைக்கோல் திணித்து
கல் கட்டி ஒரு மூலையில் இறக்கினேன்.
அணைக்கட்டிலிருந்து வந்த அல்லிக்கிழங்கைச்
சேற்றுச்சட்டியோடு அமிழ்த்தினேன்.
மூன்றாம் வாரம் இலைகள் பாதி வெயிலை மறித்தன.
ஆகாயத்தாமரையை ஞாயிறுதோறும் அள்ளிக் களைந்தேன்,
விட்டால் அது பாசியைவிட மோசம்.
நூல்பாசியைத் துடைப்பக்குச்சியில்
சுருட்டிச் சுருட்டி எடுத்துக்
கறிவேப்பிலைக்குப் போட்டேன்.
கறிவேப்பிலை கொழுத்தது.
தண்ணீர் தெளியவில்லை.

ஒருநாள் நைட் டூட்டி சீக்கிரம் முடிந்தது.
குளத்தோரம் லுங்கியோடு டில்லி.
கையில் பாதி பன், மீதிப் பாதி தண்ணீரில்.
"தெனமுமா?"
"என் நிழல் பட்டா போதும், ஒம்பதும் மேல வருது.
இந்த வூட்ல வேற யாரு அப்டி வர்றாங்க?"

அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல்
நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் பன் இல்லை.
இரண்டு விரலில் அடங்கும் தீனி, காலையில் ஒரே தரம்,
நான் வந்த பிறகு.

ஆடிக்கிருத்திகைக்கு ரத்தினகிரி போய்வந்த மாலை
தண்ணீர் வெளுத்த டீ நிறத்துக்கு இறங்கியிருந்தது.
சுவரில் மட்டும் பச்சையாய் ஒரு தோல்,
அதை நத்தைக்கென்று விட்டிருந்தோம்.
அடி தெரிந்தது.
அடியில், அல்லிச்சட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
பத்தாம் நம்பர் ஸ்பேனர்.

மோட்டார் சரிசெய்த அன்று
தம்பிதான் தூக்கிக்கொண்டு போனான் என்று
இரண்டு மாதமாய் டில்லி
ஏகாம்பரத்தோடு பேசுவதில்லை.

ஸ்பேனர்மேல் ஒரு நத்தை மேய்ந்துகொண்டிருந்தது.
"எடுக்கவா?" என்றேன்.
குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
"இரு. அது சாப்ட்டு முடிக்கட்டும்."